குருவி தலையில் வி-8 பனங்காய்!

சனிக்கிழமை காலை. இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிறு நகரம். ஒரே ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய வீட்டு கேரேஜ். உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒரு கார் சேஸி. அதற்கு மேலே சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு பழைய ரோவர் வி-8 இன்ஜின். கீழே தரையில், பழைய துணி விரித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள் ஒரு கியர்பாக்ஸை. ஃபோர்டு சியராவிலிருந்து கழற்றியது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் வீட்டுக்காரர். இன்ஜின் பெருசு. கியர்பாக்ஸ் சிறுசு. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? தாங்குமா? குருவி தலையில் பனங்காய் வைத்த கதை ஆகிவிடுமா?

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கடந்த அரை நூற்றாண்டாக, பிரிட்டனில் வீட்டிலேயே கார் கட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற இடம் இதுதான். பெரிய பெரிய கார் கம்பெனிகளே இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கின்றன.

பெட்டியில் வந்த கார்

‘கிட் கார்’ என்றால் தெரியும்தானே? கார் முழுசாக வராது. சேஸி, பாடி, சில பாகங்கள் மட்டும் பெட்டியில் வரும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பழைய காரிலிருந்து கழற்றி, நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அப்படி உறுப்பு தானம் செய்யும் காருக்கு ‘டோனர் கார்’ என்றே பெயர்.

இதை உலகப் புகழ் பெறச் செய்தது, காலின் சாப்மேனின் லோட்டஸ் கம்பெனி 1957-ல் கொண்டு வந்த ‘லோட்டஸ் செவன்’. அந்தக் காலத்து பிரிட்டனில் முழு காராக வாங்கினால் விற்பனை வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கினால் அந்த வரி கிடையாது. ஆனால் ‘எப்படிப் பூட்டுவது’ என்ற கையேடு கூடவே கொடுக்கக் கூடாது. அதனால், ‘எப்படிக் கழற்றுவது’ என்று ஒரு கையேடு கொடுத்தார்களாம். அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் கார் ரெடி! இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கதை இது.

1973-ல் வரி முறை மாறியது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குக் கைமாறியது. ஆனால் கார் கட்டும் ஆசை மட்டும் விடவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டில் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டை வைத்து, வீட்டிலேயே சேஸியை வெல்டிங் செய்து கட்டும் முறை. அதைப் படித்துவிட்டு கேரேஜுக்குள் புகுந்தவர்கள் ஏராளம்.

இந்த வகை கார்களின் எடை 550, 600 கிலோதான். சாதாரண குடும்ப காரில் பாதி.

கைக்கு எட்டிய வி-8

இப்படிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில், ‘நாலு சிலிண்டர் போதாது’ என்று தோன்றும். அப்போது கண்ணில் படுவது ரோவர் வி-8.

இந்த இன்ஜின் பிறந்தது அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸ் 1961-ல் கொண்டு வந்த 3.5 லிட்டர் அலுமினிய இன்ஜின். அங்கே சில வருடங்களிலேயே அதைக் கைவிட்டார்கள். 1965-ல் பிரிட்டனின் ரோவர் கம்பெனி உரிமையை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ரோவர் கார்கள், ரேஞ்ச் ரோவர், மார்கன் என்று பல வண்டிகளில் பல ஆண்டுகள் ஓடியது. அதனால் பழைய சாமான் யார்டுகளில் சுலபமாகக் கிடைத்தது. எட்டு சிலிண்டர் இருந்தும் அலுமினியம் என்பதால், அந்தக் காலத்து நாலு சிலிண்டர் இரும்பு இன்ஜின்களோடு ஒப்பிட்டால் எடை பெரிதாக ஏறாது. கிட் கார் கட்டுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சரி, இன்ஜின் கிடைத்துவிட்டது. கியர்பாக்ஸ்? டோனர் காராக வாங்கிய சியராவில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ‘டைப் 9’ என்ற ஐந்து கியர் பெட்டி. சின்னது, எடை குறைவு. செவன் மாதிரி காரில் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் குறுகலான டனலுக்குள் அழகாக உட்காரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால், அந்தப் பெட்டி பெரும்பாலும் வேலை பார்த்தது 2 லிட்டர் அல்லது அதற்கும் சின்ன இன்ஜின்களோடு.

குதிரையை எண்ணாதீர்கள்!

‘எத்தனை பிஹெச்பி?’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கியர்பாக்ஸுக்கு அந்தக் கேள்வி புரியாது. அதற்குத் தெரிந்தது டார்க், அதாவது முறுக்குவிசை மட்டும்தான்.

இறுகிப்போன ஜாம் பாட்டில் மூடியைத் திருகுகிறோமே, அந்தத் திருகும் பலம்தான் டார்க். அதை எவ்வளவு வேகமாகத் திருகிக்கொண்டே இருக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கிடைப்பது பவர். கியர் பல்லை வளைப்பதும், ஷாஃப்ட்டை முறுக்குவதும் டார்க். அதனால்தான், அதிக வேகத்தில் சுற்றி 150 பிஹெச்பி தரும் ஒரு சின்ன இன்ஜினைத் தாங்கும் கியர்பாக்ஸ், மெதுவாகச் சுற்றி அதே 150 தரும் வி-8-ஐத் தாங்காமல் போகலாம்.

கணக்கைப் பாருங்கள். சியராவின் 2 லிட்டர் இன்ஜின் கொடுத்தது சுமார் 157 நியூட்டன் மீட்டர் டார்க். ரோவர் வி-8 கொடுப்பது சுமார் 265. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு.

கியர்பாக்ஸ் கம்பெனிகளும் டார்க்கை வைத்துத்தான் பேசுகின்றன. ரோவரின் பிற்காலப் பெட்டி ஒன்றுக்கு ‘ஆர் 380’ என்று பெயர். 380 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய பெட்டி ‘எல்டி 77’. அதில் இருக்கும் 77, உள்ளே இரண்டு ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில்.

இடைவெளியைப் போய் ஏன் பெயராக வைக்க வேண்டும்? காரணம் இருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு தள்ளுமுள்ளு

கியர்பாக்ஸுக்குள் மேலே ஒரு ஷாஃப்ட், கீழே ஒரு ஷாஃப்ட். கீழே இருப்பதற்கு லே ஷாஃப்ட் என்று பெயர். இன்ஜினிலிருந்து வரும் டார்க், முன்னால் இருக்கும் முதல் ஜோடிப் பற்சக்கரம் வழியாகக் கீழே இறங்கும். பிறகு நாம் எந்த கியரைப் போட்டிருக்கிறோமோ, அந்த ஜோடி வழியாக மறுபடி மேலே ஏறி, பின் சக்கரங்களுக்குப் போகும்.

இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளும்போது, சுற்றுவது மட்டும் நடப்பதில்லை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளவும் செய்யும். டார்க் கூடக் கூட இந்த விலகல் விசையும் கூடும். ஷாஃப்ட் லேசாக வளையும். உறை லேசாக விரியும். பற்கள் முழு அகலத்துக்கும் பதிந்து நிற்காமல் ஓரத்தில் மட்டும் பதியும். பிறகு அந்த ஓரம் பெயரும். இடைவெளி அதிகமாக இருந்தால் பெரிய சக்கரங்களை வைக்கலாம். அதே டார்க்குக்குப் பல்லின் மேல் விழும் விசை குறையும். அந்த 77-க்கு அர்த்தம் இதுதான்.

பேரிங் கதை இன்னும் மோசம். பால் பேரிங்கின் மேல் சுமை இரட்டிப்பானால் அதன் ஆயுள் பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கணக்குப்படி, 157-க்குப் பதில் எப்போதும் 265-ஐ ஏற்றினால், பேரிங் ஆயுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

‘அப்படியானால் சியரா பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே?’ என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கதையில் ஒரு திருப்பம்.

சாலை எவ்வளவு எதிர்க்கிறது?

இன்ஜின் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது பாதிக் கதைதான். அதை எதிர்த்து நிற்க எதிரே ஓர் ஆள் வேண்டுமே! காற்றில் குத்துவிட்டால் கை வலிக்காது. சுவரில் குத்தினால்தான் வலிக்கும். கியர்பாக்ஸுக்கு அந்தச் சுவர், டயருக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் பிடிமானம். பிடிமானம் விட்டுப்போய் டயர் வழுக்க ஆரம்பித்தால், அதற்கு மேல் கியர்பாக்ஸுக்குச் சுமை ஏறாது.

பிடிமானம் வருவது எடையிலிருந்து. 600 கிலோ கார், ஓட்டுகிறவரோடு சேர்த்து 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வேகமாகக் கிளம்பும்போது அதில் 400 கிலோ பின் சக்கரங்களில் அமரும். உலர்ந்த சாலை, 29 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம். இந்தக் கணக்கில், ஆக்ஸிலில் சுமார் 1,140 நியூட்டன் மீட்டர் டார்க் வந்தாலே டயர் வழுக்கும். ஆக்ஸிலின் பல் விகிதம் 3.92 என்றால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருவது சுமார் 290. டைப் 9 பெட்டியின் முதல் கியர் விகிதம் 3.65. ஆக, இன்ஜினிலிருந்து வெறும் 80 நியூட்டன் மீட்டர் வந்தாலே போதும், டயர் கத்த ஆரம்பித்துவிடும்!

வி-8 கையில் 265 இருக்கிறது. ஆனால் முதல் கியரில் 80-க்கு மேல் கொடுக்கவே வழியில்லை.

இதே பெட்டி சியராவில் இருந்தபோது? நாலு பேர், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 1,400 கிலோ. பின் சக்கரங்களில் 750 கிலோ. அதே கணக்கைப் போட்டால், முதல் கியரில் 149 வரை டயர் வழுக்காமல் தாங்கும். அதாவது சாதாரண குடும்ப காரில், நாலு சிலிண்டர் இன்ஜினோடு, முதல் கியரில் இந்தப் பெட்டி பட்ட கஷ்டம், எடை குறைந்த வி-8 காரில் படுவதைவிட அதிகம்.

பனங்காய் பெருசுதான். ஆனால் குருவி தலையில் அது முழு பாரத்தோடு உட்காரவில்லை.

ஆனால் மூன்றாவது கியர்...

உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. கியர் மாற மாற நிலைமையும் மாறுகிறது.

இரண்டாவது கியரில் டயர் வழுக்க, இன்ஜினிலிருந்து சுமார் 147 வேண்டும். மூன்றாவது கியரில் சுமார் 212. சியராவில் இருந்தபோது அந்த முதல் ஜோடிப் பற்சக்கரம் அதிகபட்சமாகப் பார்த்ததே 157தான். ஆக, சிக்கல் கிளம்பும் இடத்தில் இல்லை. வண்டி கிளம்பி, வேகம் பிடித்து, மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதுதான் சிக்கல். டயர் கத்தாது. புகை வராது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. உள்ளே பல் நெரிபடும்.

நான்காவது கியரில் நிம்மதி. அதில் உள்ளே வரும் ஷாஃப்ட்டும் வெளியே போகும் ஷாஃப்ட்டும் நேரடியாகக் கைகோத்துவிடும். லே ஷாஃப்ட்டுக்கு அந்த நேரம் ஓய்வு. வி-8-ன் 265-ம் நேராகப் போய்விடும்.

ஐந்தாவது கியர்? பார்த்தால் சாது. நெடுஞ்சாலையில் நிம்மதியாகப் போவதற்கான கியர். ஆனால் அதில் டார்க் மறுபடியும் லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றிப் போகிறது. டயர் வழுக்குவதற்கு வாய்ப்பே இல்லை. மேட்டில் ஐந்தாவது கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால், 265-ம் அந்தச் சின்ன ஜோடிப் பற்சக்கரங்களின் மேல் விழும். அதுவும் ஒரு நொடி, இரண்டு நொடி அல்ல. மேடு முடியும் வரை.

சிக்னலில் சீறிக் கிளம்புகிற ஆளைவிட, மேட்டில் கியர் குறைக்கச் சோம்பல்படுகிற ஆள்தான் இந்தப் பெட்டிக்கு எதிரி.

கம்பெனிகளே தடுமாறிய இடம்

இது கேரேஜ்காரர்களின் பிரச்னை மட்டுமல்ல. வி-8-ஐ வாங்கிய ரோவரே இதே இடத்தில் நின்றது. 1968-ல் அவர்களின் 3500 கார் வி-8-ஓடு வந்தபோது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு மட்டும்தான் வந்தது. மேனுவல் கியரோடு ‘3500 எஸ்’ வந்தது 1971-ல். அதுவும், நாலு சிலிண்டர் ரோவர் 2000-ல் இருந்த பெட்டியைப் பலப்படுத்திப் போட்டதுதான். இந்த இன்ஜினுக்குப் பொருத்தமான எல்டி 77 ஐந்து கியர் பெட்டி, 1976-ல் புதிய ரோவர் எஸ்டி1 காரோடு வந்தது.

இன்னும் சுவாரஸ்யமானது எம்ஜிபி கதை. எழுபதுகளின் தொடக்கத்தில் கென் காஸ்டெல்லோ என்பவர், எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்களில் ரோவர் வி-8-ஐப் பூட்டி விற்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துவிட்டு பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனியே 1973-ல் ‘எம்ஜிபி ஜிடி வி-8’ என்று ஒன்றைக் கொண்டு வந்தது. 1976 வரை 2,591 கார்கள் கட்டினார்கள்.

அதில் கியர்பாக்ஸ் புதுசு அல்ல. 1.8 லிட்டர் எம்ஜிபியின் நாலு கியர் பெட்டிதான். பழைய இன்ஜின் கொடுத்தது சுமார் 150 நியூட்டன் மீட்டர். புதியது சுமார் 262. என்ன செய்தார்கள்? மற்ற கியர்களை அப்படியே விட்டுவிட்டு, முதல் ஜோடிப் பற்சக்கரத்தின் விகிதத்தை மாற்றினார்கள். அதனால் முதல் மூன்று கியர்களின் விகிதமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 3.44 ஆக இருந்த முதல் கியர் 3.14-க்கு வந்தது. லே ஷாஃப்ட்டுக்கு இறங்கும் டார்க்கும் அதே அளவு குறைந்தது.

எம்ஜிபியில் ‘ஓவர்டிரைவ்’ என்று ஒரு கூடுதல் வசதி உண்டு. ஸ்விட்ச்சைத் தட்டினால் இன்ஜின் சுற்று குறையும். அது மூன்றாவது, நான்காவது கியர்களில் வேலை செய்யும். வி-8 காரில், மூன்றாவது கியரில் அது வேலை செய்யாதபடி கொஞ்ச நாளிலேயே தடுத்துவிட்டார்கள். பெட்டியை மாற்றவில்லை, பெட்டி கஷ்டப்படும் இடத்துக்கு ஓட்டுகிறவர் போகாதபடி வழியை அடைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

பட்டென்று விட்டால்...

இதுவரை சொன்னது எல்லாம் மெதுவாக ஏறும் சுமையின் கணக்கு. அடி வேறு.

இன்ஜினை 5,000 சுற்றில் வைத்துக்கொண்டு கிளட்ச்சைப் பட்டென்று விட்டால், இன்ஜினின் டார்க் மட்டும் வருவதில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலின் வேகமும் சேர்ந்து ஒரே அடியாக வந்து விழும். சுத்தியலை ஆணியின் மேல் வைத்து அழுத்துவதற்கும், ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். பல் உடைவது, ஷாஃப்ட் முறுக்கி அறுவது எல்லாம் பெரும்பாலும் இந்த அடியில்தான்.

அந்த அடி எவ்வளவு பலமாக விழும் என்பதைத் தீர்மானிப்பது கிளட்ச். தன்னால் பிடிக்க முடிந்த அளவுக்கு மேல் வந்தால் கிளட்ச் வழுக்கிவிடும். வீட்டு மின்சார இணைப்பில் ஃப்யூஸ் மாதிரி. கிளட்ச் தட்டின் நடுவே இருக்கும் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

ஆனால் பலர் என்ன செய்கிறார்கள்? ‘பெரிய இன்ஜின் போடுகிறோம், கிளட்ச்சும் பலமாக இருக்கட்டும்’ என்று, ஸ்பிரிங் இல்லாத, கொஞ்சமும் வழுக்காத ரேஸ் கிளட்ச்சை வாங்கிப் பூட்டுகிறார்கள். கூடவே பசை மாதிரி ஒட்டும் ரேஸ் டயர். ஃப்யூஸ் போகிறதே என்று அந்த இடத்தில் ஆணியைச் செருகியது மாதிரிதான் இது. ஃப்யூஸ் போகாது. வீட்டு வயர் எரியும்.

இன்ஜினிலிருந்து சாலை வரை ஒரு சங்கிலி. ஒரு நாள் எங்காவது ஒரு கண்ணி விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். டயர் வழுக்கினால் கொஞ்சம் ரப்பர் செலவு. கிளட்ச் வழுக்கினால் ஒரு தட்டு செலவு. கியர்பாக்ஸ் உடைந்தால்? உள்ளே உடைந்த பல் ஒன்று சக்கரங்களுக்கு நடுவே சிக்கி, ஓடும்போதே பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம். செவன் மாதிரி காரில் கியர்பாக்ஸ் இருப்பது ஓட்டுகிறவரின் கால் பக்கத்தில். அங்கிருந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றுவது இடுப்புப் பக்கத்தில். நடுவே மெல்லிய அலுமினியத் தகடு.

பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரைச் சாலைக்குக் கொண்டுவர அரசின் சோதனை உண்டு. பிரேக், விளக்கு, சீட் பெல்ட், கூரான ஓரங்கள் என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. அது கட்டியவரின் பொறுப்பு.

விவரமானவர்கள் என்ன செய்கிறார்கள்?

முதலில், காரின் எடையைக் கூட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எடை குறைவுதான் கியர்பாக்ஸுக்கு முதல் பாதுகாப்பு.

அடுத்து, ஆக்ஸில் விகிதம். 3.92-க்குப் பதில் 3.38 போட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் அமைதியாக ஓடும். ஆனால் டயர் வழுக்கும் வரை கியர்பாக்ஸ் தாங்க வேண்டிய சுமை 290-லிருந்து சுமார் 337 ஆகிவிடும். ஆக்ஸில் பார்த்துக்கொண்டிருந்த வேலையில் ஒரு பங்கை கியர்பாக்ஸ் தலையில் கட்டுவது மாதிரி. அதிக வேகம் வேண்டுமா, பெட்டி நீடிக்க வேண்டுமா என்று இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

மூன்றாவது, கிளட்ச். தட்டின் நடுவே உள்ள பல் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும். விட்டமும் பிரஷர் பிளேட்டும் இன்ஜினுக்குப் பொருந்த வேண்டும். ஸ்பிரிங் உள்ள சாதாரணத் தட்டு, இன்ஜின் டார்க்கைவிடக் கொஞ்சம் அதிகம் பிடித்தால் போதும்.

நான்காவது, நேர்கோடு. வேறு வேறு கம்பெனிகளின் இன்ஜினும் கியர்பாக்ஸும் நடுவில் ஓர் அடாப்டர் தட்டு வைத்துத்தான் சேரும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கு, இன்ஜின் கிராங்க்கின் நடுவே இருக்கும் குட்டி பேரிங்கில் சரியாக உட்கார வேண்டும். தலைமுடி அளவு விலகினாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாஃப்ட் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைந்துகொண்டே இருக்கும். பிறகு பெட்டி உடையும். ‘சொன்னேனே, சின்ன பெட்டி தாங்காதுன்னு’ என்பார்கள். உண்மையில் உடைத்தது டார்க் அல்ல, கோணல். டயல் கேஜ் வைத்து அரை நாள் செலவழித்து அளந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஐந்தாவது, எண்ணெய். டைப் 9 பெட்டியில் பழைய எண்ணெயை வடிக்கத் திருகாணியே கிடையாது. ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்ற கணக்கு. ஆனால் யார்டிலிருந்து வந்த பெட்டி ஏற்கெனவே ஓர் ஆயுளை முடித்துவிட்டுத்தானே வந்திருக்கிறது? பிரித்து, பேரிங்குகளை மாற்றி, புது எண்ணெய் ஊற்றிய பிறகுதான் பூட்டுகிறார்கள். மறக்காமல் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையமும் வெல்டிங் செய்கிறார்கள். அறுந்தாலும் இடுப்பைத் தொடாமல் இருக்க.

இத்தனையும் செய்ய மனசு இல்லை, வாராவாரம் ரேஸ் டிராக்கில் ஓட்டப்போகிறேன் என்பவர்கள், டனலை வெட்டி அகலமாக்கி எல்டி 77 மாதிரி பெரிய பெட்டியைப் போட்டுக்கொள்வதுதான் மரியாதை. இடமும் போகும், எடையும் ஏறும், காசும் கரையும். ஆனால் கவலை இல்லை.

தலைகீழாகவும் ஒரு கதை

சிலர் கிட் காரில் சூப்பர் பைக் இன்ஜினைப் பூட்டுவார்கள். உதாரணத்துக்கு, 1999-ல் வந்த சுஸுகி ஹயபுசாவின் 1,299 சிசி இன்ஜின். இதில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள். பிறந்ததிலிருந்து ஜோடி. பொருத்தம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் கிளட்ச் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஏன்? பைக்கும் ஆளும் சேர்ந்து 300 கிலோ. காராக மாறும்போது அது 500 கிலோவைத் தாண்டுகிறது. நின்ற இடத்திலிருந்து அதை நகர்த்த கிளட்ச் அதிக நேரம் வழுக்க வேண்டும். அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ். தள்ள வேண்டிய எடை மட்டும் மாறியது. (கூடவே இன்னொரு தலைவலி: பைக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது! அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.)

ரோவர் வி-8 கதையும் ஹயபுசா கதையும் சொல்வது ஒன்றுதான். ஒரு கியர்பாக்ஸ் தாங்குமா என்று கேட்பதற்கு முன், எவ்வளவு எடையை, எந்த கியரில், எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட காலோடு என்று கேட்க வேண்டும்.

கேரேஜில் சங்கிலி மெதுவாக இறங்குகிறது. இன்ஜினும் பெட்டியும் சேர்ந்தாகிவிட்டது. டயல் கேஜ் முள் அசையவில்லை. வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்டிக்கரை எடுத்து டேஷ்போர்டில் ஒட்டுகிறார். பிள்ளைகளும் ஓட்டப்போகிற கார் ஆயிற்றே! அதில் எழுதியிருப்பது இரண்டே வரி:

‘மேடு வந்தால் நாலாவது கியருக்கு வா. கிளட்ச்சை மெதுவாக விடு.’